புகையிலைக் கை

1

செப்டெம்பர் நான்காம் திகதி காலை சாந்தா ரோசலியாவின் மலையில் ஏறிக்கொண்டிருந்தேன். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் இருக்கிற தமிழர், வேதக்காரரோ சைவக்காரரோ, அன்றைக்கு அந்த மலையில் ஏறாமல் விடுவது குறைவு. கையில் மெழுகுதிரி, வாயில் செபம். எனக்குப் பின்னால் மன்னார்க் குடும்பம் ஒன்று வந்தது. அவர்களுடைய ஏழெட்டு வயதுச் சிறுமி மூக்கைச் சுளித்துக்கொண்டு தாயிடம் சொன்னாள்:

"அம்மா, இந்த மாமாவிலை கன்னா மணக்குது."

கன்னா என்பது கஞ்சாச் சுருட்டுக்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்கிற பெயர். தாய் அவளுடைய கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "வாயை மூடிக்கொண்டு செபத்தைச் சொல்லு." சொல்லிவிட்டு அவளும் இரண்டு படி தள்ளி நடந்தாள். நான் பார்த்தேன்.

குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கையைத் தேய்த்திருந்தேன். போகவில்லை. முதல் நாளும் அந்தச் செடிகளுக்குள் நின்றவனுக்கு எப்படிப் போகும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், இதே கிழமையில்தான் இந்த நகரத்துக்கு வந்தேன். முதல் தடவை இந்த மலையில் ஏறியபோது என்னில் மீன் மணந்தது. கபோச் சந்தையில் மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்த காலம். அந்த மணத்துக்கு நான் வெட்கப்படவில்லை. இந்த மணத்துக்கு வெட்கப்பட்டேன். மலை உச்சிக் குகையில் புனிதையின் முன் முழந்தாளிட்டபோது, கையைக் கூப்பாமல் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இருந்து தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு "வீட்டு வேலை" என்று சொல்லி வருகிறேன். அது பாதி உண்மை. வெளிநாட்டு அனுபவம் எழுதித் தா என்று கேட்ட நண்பர், பழைய தேவாலயங்களையும் கடற்கரையையும் எதிர்பார்த்திருப்பார். என்னிடம் இருப்பது இதுதான்.

2

கால்சாவில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் நான் வேலை செய்கிற வீட்டு எசமானி, என் சிஞ்ஞோரா, இருக்கிறா. மாளிகையின் முன்பக்கத்துக்குப் புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். பின்பக்க ஒழுங்கையில் எலி ஓடும். பதினாறு வருடமாக அந்த வீட்டைத் துடைக்கிறேன், சமைக்கிறேன், சிஞ்ஞோராவை வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன். அவவோடு எனக்குப் பெரிய மனத்தாங்கல் இருந்ததில்லை. மனத்தாங்கல் எல்லாம் மகன் றிக்கார்டோவால் வந்தது.

றிக்கார்டோவுக்கு நாற்பது வயது. முதலில் வைன் கடை திறந்தான், மூடினான். பிறகு சைக்கிள் வாடகைக் கடை, அதையும் மூடினான். பிறகு வுச்சீரியாச் சந்தையில் சணல் பூக் கடை திறந்தான். சணல் என்றால் இங்கே கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, மயக்கம் தராத சாதி. அதன் பூவைக் காயவைத்துக் கண்ணாடிப் போத்தல்களில் அடுக்கி விற்றான். சட்டம் அப்போது கண்டும் காணாமலும் இருந்தது.

ஒரு நாள் நான் மேசையில் பாஸ்தாவை வைத்துக்கொண்டிருந்தபோது, உன் தகப்பன் என்ன வேலை செய்தார் என்று கேட்டான். புகையிலைத் தோட்டம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தான். அடுத்த கிழமையில் இருந்து, பகேரியாப் பக்கம் அவர்களுக்கு இருந்த கைவிட்ட எலுமிச்சந் தோட்டத்தில், பொலித்தீன் கூடாரத்துக்குள் இருநூறு செடிக்கு நான் காவல். என் வேலை ஒப்பந்தத்தில் இன்றுவரை "வீட்டுப் பணியாளர்" என்றுதான் இருக்கிறது.

கூடாரத்தின் ஒரு மூலையில் உரத் தட்டு. பார்த்தால் மருந்துக்கடை என்று நினைப்பீர்கள். ஒரு போத்தலில் எரிமலைப் படம், ஒன்றில் மண்டையோடு, ஒன்றில் குத்துச்சண்டைக்காரன். வேருக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, பூவுக்கு மூன்று, வாசனைக்கு ஒன்று. கடைசியில், இவ்வளவும் மண்ணில் விட்டுப்போன உப்பைக் கழுவ இன்னொன்று. றிக்கார்டோ ஊசியால் உறிஞ்சி உறிஞ்சிக் கலப்பான். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீருக்குள் விட்டு இலக்கம் பார்ப்பான்.

"விதைப் பக்கெற்றில் போட்டிருக்கிற விளைச்சலை மறந்துவிடு, அன்ரோ," என்பான். "அதைப்போல இரண்டு மடங்கு எடுக்கலாம். எல்லாம் உரத்தில் இருக்கிறது."

என் பெயர் அந்தோனிப்பிள்ளை. இந்த நாட்டில் அது அன்ரோனியோ ஆகி, அந்த வீட்டில் அன்ரோ என்று தேய்ந்து கிடக்கிறது.

அது ஊரில் அரசாங்கம் உரத்தைத் தடைசெய்து யூரியா நின்றுபோன வருடம். என் அண்ணன் பிலிப் ஊர்காவற்றுறைப் பக்கம் வெங்காயம் போட்டிருந்தார். கைத்தொலைபேசியில் படம் அனுப்பினார். தாள் நுனியில் இருந்து மஞ்சளாகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பை யூரியா எங்கையாலும் எடுக்கலாமோ எண்டு வாசல் வாசலாய்த் திரியிறன் தம்பி," என்றார். "உனக்கு அங்கை என்ன பாடு?"

"வீடு துடைச்சுக்கொண்டு நிக்கிறன் அண்ணை."

அந்த நேரம் நான் கூடாரத்துக்குள் நின்றேன். காலடியில் பெரிய பீப்பா. போத்தல்களை ஒழுங்கு மாறி ஊற்றிவிட்டேன், தண்ணீர் அரிசி கழுவின மாதிரிக் கலங்கிப் போயிற்று. சுண்ணாம்புச் சத்தையும் பொஸ்பரசையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால் அப்படித்தான் ஆகுமாம், செடிக்குச் சுவறாதாம். கழிவுக் கானில் ஊற்று என்று றிக்கார்டோ கையைக் காட்டினான். ஊற்றினேன். அண்ணனுடைய வெங்காயம் முழுவதற்கும் போதக்கூடிய சத்து, கானில் நின்ற காஞ்சோண்டிக் களைக்குப் போயிற்று. அந்தக் கோடையில் காஞ்சோண்டி என் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்தது. என்னை எனக்கே பிடிக்காமல் போன நாட்கள் சில உண்டு. அதில் இது ஒன்று.

3

முதல் வருடம் ஓகஸ்ட் நடுவில், இத்தாலி முழுக்கக் கடலுக்குப் போய்விடுகிற அந்தக் கிழமையில், றிக்கார்டோவும் ஒரு தீவுக்குப் போனான். "உனக்கு நான் என்ன சொல்லித் தர, நீ விவசாயி," என்றான்.

மூன்றாம் நாள் செடிகளின் தலையில் வெள்ளை மயிர் மாதிரி ஏதோ அரும்பியிருந்தது. பூ.

புகையிலைக்காரனுக்குப் பூ ஆகாது. செடி தன் சாரத்தை எல்லாம் பூவுக்கும் விதைக்கும் கொண்டுபோய்விடும். இலை மெலியும், சுருட்டுக்கு உதவாது. அதனால் பூ தலைகாட்டினவுடனே முறித்துவிட வேண்டும். பிறகு இலைக் கக்கத்தில் வருகிற முளைகளையும் நுள்ளி எறிய வேண்டும். பத்து வயதில் இருந்து, பள்ளிக்கூடம் போகுமுன் நான் செய்த வேலை அது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு திருகு. பிசின் கறுப்பாக ஒட்டும். அந்தக் கையால் பாண் தின்றால் பாணும் கைக்கும். அந்த வேலையை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை. ஆனால் கை விரும்பினதா இல்லையா என்று யார் கேட்டது, கை படித்து வைத்திருந்தது.

ஒரே காலையில் இருநூறு செடியின் தலையையும் திருகி எறிந்தேன். அதோடு நிற்கவில்லை. இலைப் படம் போட்ட போத்தலை எடுத்து, தாராளமாகக் கலந்து ஊற்றினேன். பத்தாம் நாள் பார்க்க வேண்டும். இலை அகன்று, கறுத்த பச்சையில் பளபளத்தது. எனக்கே பெருமையாக இருந்தது. இப்போதும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

றிக்கார்டோ வந்து பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் குந்தினான். கத்தப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"பூதான் பயிர், அன்ரோ. இலை குப்பை."

அன்றையில் இருந்து என் பெயர் புகையிலைக்காரன். விருந்துக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவான். நான் பக்கத்தில் நின்று சாப்பாட்டுக் கோப்பையில் கறி போட்டுக்கொண்டிருப்பேன். விருந்தாளிகள் என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தக் கையால் போட்ட கறியைச் சாப்பிடுவார்கள். சிஞ்ஞோராவும் சிரிப்பா, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு.

4

என் மகள் ஜெனிற்றா மூன்று வயதில் தாயோடு இங்கே வந்தவள். இப்போது விவசாயப் பள்ளியில் கடைசி வகுப்பு. என்னோடு தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிப்பாள், அதுவும் சந்தைக்காரர் இழுத்துக் கதைக்கிற பலேர்மோ இழுவையில். நான் செய்த பிழையை அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். குசினி மேசையில் போத்தல் ஒன்றை வைத்து, பின்பக்கத்து இலக்கங்களை விரலால் காட்டினாள்.

"வளரேக்கை நைதரசன் வேணும் அப்பா. பூக்கேக்கை அதைக் குறைச்சுப்போட்டு, பொஸ்பரசும் பொட்டாசியமும் குடுக்க வேணும். கடைசி மட்டும் நைதரசனை ஊத்தினா, செடி தான் இன்னும் சின்னப்பிள்ளை எண்டு நினைச்சு இலையைத்தான் போடும்."

"அப்ப உந்த எரிமலைப் போத்தல் ஊத்தினா இரண்டு மடங்கு வருமோ?"

"மா பப்பா." இத்தாலியப் பிள்ளைகள் தகப்பனை அலுத்துக்கொள்கிற தொனி. "விதைக்குள்ளை ஒரு அளவு எழுதிக் கிடக்கு. எந்த உரத்தாலையும் அதைக் கூட்ட ஏலாது. பிழையான உரத்தாலை குறைக்கத்தான் ஏலும்."

இதை நான் றிக்கார்டோவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவன் பந்தயம் என்றான். ஒரே தாய்ச் செடியில் இருந்து தடி வெட்டிப் பதி வைத்து இரண்டு வரிசை. ஒரே இரத்தம், ஒரே வெயில், ஒரே தண்ணீர். அவனுடைய வரிசைக்குப் போத்தல்கள். என்னுடைய வரிசைக்கு, பக்கத்து இடையனிடம் வாங்கின பழைய ஆட்டெருவும், இங்கத்தை எலுமிச்சைக்காரர் வேரில் புதைக்கிற அரைத்த லூப்பின் பருப்பும், பூக்கிற காலத்தில் கொஞ்ச விறகுச் சாம்பலும். பலேர்மோத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அதில் இருக்கிற சுண்ணாம்பு காணாதென்று அவன் இன்னொரு போத்தல் சுண்ணாம்பும் ஊற்றினான். அவனுடைய இலைகள் நுனி கருகிச் சுருண்டன.

கடைசியில் காயவைத்து நிறுத்துப் பார்த்தபோது இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்று. நானும் வெல்லவில்லை, அவனும் வெல்லவில்லை. செடியில் என்ன இருந்ததோ அது வந்தது, அவ்வளவுதான்.

"பார்த்தாயா," என்றான் றிக்கார்டோ. "போத்தல் இல்லாவிட்டால் என் வரிசை எவ்வளவு குறைந்திருக்கும்." அடுத்த கிழமை புதுப் போத்தல் ஒன்று வந்தது. அதில் சிங்கப் படம்.

ஜெனிற்றா அந்தக் கணக்கைப் பள்ளியில் கட்டுரையாக எழுதி நல்ல புள்ளி எடுத்தாள். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போகப் புறப்பட்டபோது, "போட்டிருக்கிற சேட்டை மாத்திப்போட்டு வாங்கோ அப்பா," என்றாள். அடுத்த கூட்டத்துக்குத் தாய் வந்தால் காணும் என்றாள். அதற்கடுத்த கூட்டம் எப்போது நடந்ததென்றே எனக்குத் தெரியாது.

5

நான் குடியுரிமைக்கு எழுதிப்போட்டு நாலு வருடம். கொழும்பில் இருந்து பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரைக்கு இன்னொரு முத்திரை. கவுண்டரில் இருந்த பெண் எங்கள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் மகள்தானா? குடும்பப்பெயர் வேறாக இருக்கிறதே," என்று கேட்டா. எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் முதலில் என்று விளக்கினேன். அப்படியென்றால் உங்கள் குடும்பப்பெயர் எங்கே என்றா. குடும்பத்துக்குப் பெயரில்லை, ஆளுக்குத்தான் பெயர் என்றேன். அதை எழுத அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

எப்படியோ இந்த வருடம் கடிதம் வந்தது. செப்டெம்பரில் நகரசபைக்குப் போய்ச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அந்த நாள் ஜெனிற்றாவின் பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் முன்னால் விழுந்தது. பதினெட்டு ஆகுமுன் தகப்பன் சத்தியம் செய்தால், கூட இருக்கிற பிள்ளைக்கும் குடியுரிமை தானாக வரும். ஒரு நாள் பிந்தினாலும் அவள் வெளிநாட்டுக்காரி. முதலில் இருந்து எழுதிப்போட்டு, வேலை காட்டி, வருமானம் காட்டி, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளோ வட இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். சத்தியத்துக்கு முன் என் பெயரில் பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தாலும் எல்லாம் நின்றுவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் சட்டம் மாறியது. சணல் செடி வளர்க்கலாம், நாருக்கும் விதைக்கும். பூ மட்டும் கூடாது. மயக்கம் தருகிறதோ இல்லையோ, பூ என்றால் குற்றம். றிக்கார்டோ வுச்சீரியாக் கடையின் கதவை இறக்கினான். ஆனால் பகேரியாவில் செடி நின்றது.

"இந்தப் போகத்தை முடிப்போம்," என்றான். "நாருக்கு என்று சொல்லலாம். ஓகஸ்டில் யார் வந்து பார்க்கப் போகிறான்."

ஓகஸ்ட் முதல் கிழமை ஒரு சனிக்கிழமை, ஆட்டெரு தூக்க ஜெனிற்றா கூட வந்தாள். கூடாரத்துக்குள் ஒரு தகரப் பெட்டியில் விதைச் சீட்டுகள் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்றாள். பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இதிலை உங்கட பேர் கிடக்கு."

"எதிலை?"

"நிலம் உங்களுக்கு இரவலாய்த் தந்திருக்கு எண்டு ஒரு தாள். செடி எல்லாம் உங்கட எண்டு இன்னொரு தாள். றிக்கார்டோவின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை." தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது உங்கட கையெழுத்துத்தானே. வைக்கேக்கை வாசிச்சனீங்களோ?"

"சிஞ்ஞோரா தந்தவ. வைச்சனான்."

பதினாறு வருடமாக அந்தச் சாப்பாட்டு மேசையில் நான் கையெழுத்து வைத்து வந்திருக்கிறேன். வேலை ஒப்பந்தம், வதிவிட அனுமதிக்குக் கடிதம், காப்புறுதி, லீவுத் தாள். சிஞ்ஞோரா விரலால் காட்டுவா, நான் அந்த இடத்தில் வைப்பேன். அது மரியாதை என்று நினைத்தேன். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நம்பிக்கையான வீடு என்றால் வாசிக்க மாட்டோம். வாசித்தால் அவர்களைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

ஜெனிற்றா தாள்களை மடித்து என் கையில் தந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் ஏசியிருக்கலாம்.

6

திங்கட்கிழமை மேசையைத் துடைத்துவிட்டு, அந்தத் தாள்களை அதில் வைத்தேன். றிக்கார்டோ கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"வெறும் சம்பிரதாயம், அன்ரோ. விவசாயி பெயரில் இருந்தால் அலுவல் சுகம், அவ்வளவுதான்."

"பொலிஸ் வந்தால்?"

"வரமாட்டான்."

"எனக்கு அடுத்த மாதம் சத்தியப்பிரமாணம். மகளுக்கும் அதோடுதான்."

"அதுதான் சொல்கிறேனே, வரமாட்டான்."

நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். ஜெனிற்றாவுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கச் சட்டை தைப்பித்துக் கொடுத்த மனுசி. சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தா. "சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை வேண்டாம்," என்றா. அவவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் விரலால் இடம் காட்டியிருக்கிறா.

பின்னேரம் தொழிலாளருக்கு உதவுகிற ஒரு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கடிதம் எழுதலாம், மறுபக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும், வைக்காவிட்டால் வக்கீல் என்றார். ஒரு கடிதம் அடித்தும் தந்தார். பொலிசுக்கு நானே போய்ச் சொன்னால் என்ன என்று கேட்டேன். சொல்லலாம், ஆனால் முதலில் கோப்பு உங்கள் பெயரில்தான் திறக்கும் என்றார். அறுவடைக்கு முன் றிக்கார்டோ கையெழுத்து வைக்க மாட்டான். ஓகஸ்ட் மாதம், வக்கீல்மார் எல்லாரும் கடலில்.

ஓகஸ்ட் நடுவில் றிக்கார்டோ தீவுக்குப் போனான். அடுத்த நாள் நான் கூடாரத்துக்குள் நின்றேன். வெள்ளை மயிர் அரும்பி, தலைகள் தடிக்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பிசின் நெடி தொண்டைக்குள் இறங்கியது. ஒவ்வொரு தலையும் என் பெயரில் நின்றது.

ஜெனிற்றா கூடவே வந்திருந்தாள். நான் வா என்று சொல்லவில்லை.

"பூதானே அப்பா குற்றம்," என்றாள். "பூ இல்லாட்டி இது வெறும் சணல்."

"ஓம்."

"முதல் வருசம் பூவைப் பிழையாய்க் கிள்ளினனீங்கள்."

"ஓம்."

அவள் இடது வரிசைக்குப் போனாள். நான் வலது வரிசைக்குப் போனேன். கை தானாகவே திருகியது. தலையை மட்டுமல்ல, கக்கத்தில் இருந்த அரும்புகளையும் ஒன்று விடாமல் நுள்ளினேன். பிறகு இலைப் போத்தலை எடுத்து, முழுவதையும் கலந்து ஊற்றினேன். நைதரசன் குடித்துக் குடித்து இலையைப் போடு, பூவை மற என்று. அந்தப் போத்தலுக்கு வாழ்க்கையில் ஒரு முறை நல்ல வேலை கிடைத்தது. கிள்ளின பூ மூன்று சாக்கு வந்தது. எலுமிச்சை மரங்களுக்கு நடுவே கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பும் ஆட்டெருவும் போட்டு மூடினோம்.

தகப்பனும் மகளும் சேர்ந்து செய்த வேலை என்று யாரும் இதில் உருக வேண்டாம். எனக்கு உருகவில்லை. இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் உழைத்து, என் பிள்ளையின் கையில் நான் ஏற்றிவைத்தது அந்தக் கறுப்புப் பிசின். அவள் குழாயடியில் நின்று நகத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள். எனக்கு அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவளில் இல்லை, என்னில்.

7

மாதக் கடைசியில் றிக்கார்டோ கறுத்துக் கொழுத்து வந்தான். கூடாரத்துக்குள் போய், அகன்ற இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாசலில் நின்றேன்.

"மறுபடியுமா?" என்றான். "நைதரசனும் ஊற்றியிருக்கிறாய்."

"ஓம் சிஞ்ஞோர். மறந்து போனேன்."

நான் வேண்டுமென்று செய்திருக்கலாம் என்ற எண்ணம் அவனுடைய தலைக்குள் வரவேயில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். என்னிடம் அப்படி ஒரு நினைப்பு இருக்க முடியும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. நாயைப் பார்ப்பது போலத் தலையை ஆட்டினான். எனக்கு அது வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததை நினைக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மலையேறி இரண்டு நாளைக்குப் பிறகு, நான் கூடாரத்தில் நின்றபோது சீருடைக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். றிக்கார்டோவும் அன்று அங்கேதான். யார் பொறுப்பு என்று கேட்டார்கள். றிக்கார்டோ யோசிக்கவே இல்லை. கையை நீட்டி என்னைக் காட்டினான்.

"இவர்தான் விவசாயி. நிலம் மட்டும் எங்களுடையது."

அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். விதைச் சீட்டைக் கொடுத்தேன். வரிசை வரிசையாக நடந்து, இலையைப் புரட்டி, தலைகளைப் பார்த்தார்கள். தலையில் ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏன் பூ இல்லை என்று என்னைக் கேட்டார்.

"எங்கள் ஊரில் நாங்கள் இப்படித்தான் வளர்ப்போம்," என்றேன். "இலைக்கு."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தாளில் "பூ காணப்படவில்லை" என்று எழுதினார். அந்தத் தாளை நான் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை வாசித்தேன். வாசித்து முடியும்வரை இருவரும் காத்து நின்றார்கள். பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

அவர்களுடைய கார் திரும்பின பிறகு றிக்கார்டோ என் தோளில் தட்டினான். "உன்னுடைய மடத்தனம் எங்களைக் காப்பாற்றிவிட்டது, புகையிலைக்காரா." எங்களை என்றான். கொஞ்ச நேரத்துக்கு முன்தான் அவன் என்னை நோக்கிக் கையை நீட்டினவன்.

8

சத்தியப்பிரமாணம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று வரி. அரசியலமைப்புக்கும் சட்டங்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்பதை நான் வாசித்தபோது, "சட்டங்களுக்கும்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. என் மனைவி அழுதாள். ஜெனிற்றா படம் எடுத்தாள். வெளியே படியில் வைத்து அவளுடைய கையை எடுத்துப் பார்த்தேன். நகத்தடியில் ஒன்றும் இல்லை. அவள் கையை இழுக்கவில்லை.

"இப்ப எங்கை போறியள் அப்பா?"

"கால்சாவுக்கு. சாவி குடுக்க."

"நானும் வாறன்."

"வேண்டாம். இதுக்கு நான் தனியப் போறன்."

சிஞ்ஞோராவும் றிக்கார்டோவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். எழும்பி வந்து வாழ்த்துச் சொன்னார்கள். சிஞ்ஞோரா கன்னத்தில் முத்தமிட்டா. நான் கூடாரச் சாவியை மேசையில் வைத்தேன். அதோடு வீட்டுச் சாவியையும் வைத்தேன். பிறகு அந்த அலுவலகத்தில் அடித்துத் தந்த கடிதத்தை எடுத்து வைத்தேன். நிலத்தையும் அதில் நிற்கிற அத்தனையையும் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற கடிதம். சிஞ்ஞோரா சாவிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

றிக்கார்டோ சிரித்தான். "போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போ, விவசாயி. இந்தச் செடிகளில் மறுபடி பூ வர என்ன உரம் போட வேண்டும்?"

"எதைப் போட்டாலும் வராது," என்றேன். "இரண்டாம் தடவை நான் மறக்கவில்லை. நினைத்துத்தான் கிள்ளினேன்."

அவனுடைய முகத்தில் இருந்த சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதல் தடவையாக என்னை ஒரு மனிதனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். பிறகு பேனாவை இழுத்து, கடிதத்தின் அடியில் கையெழுத்து வைக்கக் குனிந்தான். நான் தாளின் மேல் என் கையை வைத்தேன். அவனுடைய மூக்குக்கு நேரே இருந்தது, மணத்திருக்கும்.

"முதலில் வாசியுங்கள்," என்றேன்.